வராந்தாவுக்கு அடியில் ஏழு

ஜனவரி 8
ஏழு நன்றாகத் தூங்குகிறாள். மேலன் வீட்டு முன்வராந்தாவுக்கு அடியில், வளைக்குள். ஆய்வுக்காக நான் உடம்பில் வெப்பம் காட்டும் ரேடியோ பொருத்தி விட்ட கிரவுண்ட்ஹாக்குகளில் ஏழாவது. அணில் இனம், பூனையளவு உடம்பு, குளிர்காலம் முழுக்க வளைக்குள் தூக்கம். உடல் வெப்பம் ஆறு டிகிரி. இலையுதிர் காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறாள்.

மேலன் கொட்டகையிலிருந்து வந்தார். "ரோண்டா, அடுத்த வாரம் இங்க பொக்லைன் வருது."

அவர் மனைவி ஆர்லீன் இடுப்பெலும்பு முறிந்து, பிசியோதெரபி இல்லத்தில் இருக்கிறார். வராந்தாவை இடித்து, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

இப்போது தோண்டினால் ஏழு விழித்துக்கொள்வாள், விழிப்பதிலேயே கொழுப்பு கரைந்துவிடும், பனியில் தின்ன ஒன்றும் கிடைக்காது, செத்துப்போவாள் என்றேன்.

மோவாயைச் சொறிந்தார். "பிப்ரவரி ரெண்டு அன்னிக்கு எப்படியும் வெளிய வந்துடுமே. அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்."

ஊர் கிரவுண்ட்ஹாக் சங்கத்தில் மூத்த உறுப்பினர் அவர். அந்த நாளில் விலங்கு வெளியே வந்து தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்காவிட்டால் வசந்தம். ஊர் நம்பிக்கை அது.

"சரி" என்றேன்.

ஜனவரி 9
பிப்ரவரித் தொடக்கத்தில் வெளியே வருபவை ஆண்கள். எந்த வளையில் எந்தப் பெண் என்று ஒரு சுற்று பார்த்துவிட்டுத் திரும்பப் போய்த் தூங்கிவிடும். பெண்கள் எழுந்து நடமாட மார்ச் ஆகும்.

இதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் தோண்டிவிடுவார். அவ்வளவுதான்.

ஜனவரி 20
பனி. ஐந்து டிகிரி.

ஜனவரி 26
ஆர்லீனைப் பார்க்கப் போனேன். தட்டில் முட்டை அப்படியே இருந்தது. "எதைக் குடுத்தாலும் ரப்பராத்தான் செய்வாங்க போல. எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, சாய்தள வேலை தொடங்க இன்னும் ஒரு வாரந்தானாம்."

தலையாட்டினேன். காரில் ஏறிய பிறகு வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை.

பிப்ரவரி 2
வெயில். காலையில் மேலனிடமிருந்து போன்.

"வந்துடுச்சு! என் கண்ணால பாத்தேன். நிழலும் விழுந்துச்சு, ஆறு வாரம் குளிர்தான், போகட்டும். வளை காலிதானே? நாளைக்கே தோண்டிடலாம்."

போய், வளை வாயிலில் நான் வைத்திருந்த கேமராவைப் பார்த்தேன். வந்து போனது மூன்றாம் எண், ஆண். ஏழின் ரேடியோ அதே இடத்தில், அதே ஐந்து டிகிரி.

கதவைத் தட்டினேன். சங்கத்து உயரத் தொப்பியோடு வந்து திறந்தார்.

"அது ஆண், மேலன். அவ உள்ளதான் தூங்கறா. மார்ச் வரைக்கும் வரமாட்டா."

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"முதல்லயே."

தொப்பியைக் கழற்றினார். "ஆர்லீன் அங்க கிடக்கறா, ரோண்டா."

கதவு மூடிக்கொண்டது.

பிப்ரவரி 3
தோண்டிக்கொள்ளுங்கள் என்று மேலனுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு மனுஷியை அவள் வீட்டுக்கு வரவிடாமல் நிறுத்த நான் யாரு? ஏழுக்காகப் பெட்டியும் வைக்கோலும் எடுத்து வைத்தேன். பிழைக்கமாட்டாள் — தெரியும். தெரிஞ்சும் எதுக்கு இந்தப் பெட்டி?

பிப்ரவரி 4
பொக்லைன் வரவில்லை. ஆர்லீன் கூப்பிட்டார்.

"அவர் நேத்து வந்து எல்லாத்தையும் கொட்டிட்டாரு. ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

"மன்னிச்சுடுங்க."

"அதெல்லாம் அப்புறம். நாலு ஆம்பளைங்க நாற்காலியோட தூக்கினா படி ஏற மாட்டேனா? என் பொறுப்புலன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டு வரேன். இந்தப் பனியில நான் எங்க ஊர் சுத்தப் போறேன்? சங்கத்துல இத்தனை தடியனுங்க இருக்கானுங்க, ஒரு நாள் தொப்பி போட்டா போதுமா?"

பிப்ரவரி 6
நான்கு பேர் தூக்கினார்கள். தொப்பியோடுதான் வர வேண்டும் என்று ஆர்லீன் உத்தரவு.

"ஆட்டாதீங்கடா. கீழ ஒருத்தி தூங்கறா."

ஏழின் ரேடியோவைக் காட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெப்பம் ஏறவில்லை. மேலன் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிப்ரவரி 23
ஆர்லீன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடந்தாராம். ஏழு, ஆறு டிகிரி.

மார்ச் 17
ஏழு வெளியே வந்துவிட்டாள். வேலியோரத்துப் பழைய வளைக்குப் போய்விட்டாள். மேலனிடம் சொன்னேன், இனித் தோண்டலாம் என்று.

"உன் பேச்சை நம்பறதா இல்ல. படம் காட்டு."

காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படத்தில் ஏழு பாதியாக இளைத்திருந்தாள், தோல் தொங்கியது.

"அது தின்ன இன்னும் ஒரு புல்லுகூட முளைக்கலையே" என்றார்.