ஒற்றைக் கொம்புக் குதிரை

சொல்லாமல் கொள்ளாமல் போன என் செல்லத் துளசி மச்சாளுக்கு,

முதலில் சண்டை. புல்வெளி நாடோடிகள் பற்றிய எங்கள் வரலாற்று புரொஜெக்டுக்கு அட்டையில் குதிரை முகமூடி செய்தோம். அதன் தலையில் அட்டை மான்கொம்பு ஒன்றை ஒட்டிவிட்டு, "மற்றது ஞாயிறு" என்றாய். சனிக்கிழமை ஆஸ்துமா உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்படியா பாதியில் விடுவது?

தகனத்தன்று முகமூடியை உன் பெட்டிக்குள் வைக்கப் போனேன். உன் அப்பா பறித்துவிட்டார்.

"பிள்ளை, செத்தவீட்டிலயும் பகிடியே?"

"பகிடி இல்லை மாமா. அந்த நாடோடியள் செத்த ஆளோட குதிரையையும் புதைக்கிறவை. அதுக்கு இப்பிடி மான் வேஷம் போட்டு."

"நாங்களென்ன நாடோடியளே?"

யாழ்ப்பாணம், சென்னை, பாரிஸ், இப்போது இந்தச் சட்டன் என்று ஊர் ஊராக வீடு மாறியவர் கேட்கிற கேள்வியா? வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அடுத்த கொடுமையைக் கேள். வெள்ளிக்கிழமை புரொஜெக்டைக் காட்சிக்கு வைக்க வேண்டும். மிஸ் மிக அன்பாக ஒரு குண்டு போட்டார்: திருத்திப் போடும் புள்ளி எனக்கு மட்டும்தானாம், ஆகவே நீ செய்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டுமாம்.

நாங்கள் எழுதியதே என்ன? அல்தாய் மலைப் பனியில் உறைந்த கல்லறைகளில் சீனப் பட்டு, பாரசீகப் பாணிக் கம்பளம். தங்கள் குதிரைகளின் கம்பளிச் சேண விரிப்பின்மேல் அந்த நாடோடிகள் சீனப் பட்டை வைத்துத் தைத்தார்கள். ஒருவர் நெய்ததில் இன்னொருவர் ஊசி. இதைத்தான் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று பலகையில் பெரிதாக எழுதினார் அதே மிஸ். இப்போது உன் கொம்பைப் பிடுங்கச் சொல்கிறார்! பட்டைப் பிரித்தெடுத்தால் அது அந்த விரிப்பா?

"ஏலாது மிஸ்," என்றேன். கோபத்தில் தமிழில் வந்துவிட்டது. அவர் விழித்தார். ஆங்கிலத்திலும் சொன்னேன். புள்ளி குறையும் என்றார்.

நேற்று முகமூடி கேட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் மேசையிலிருந்து மாமாவே எடுத்துவந்தார்.

"மற்றக் கொம்பு எங்க?"

"இனித்தான் மாமா."

உன் கொம்பைக் கையால் மறைத்துப் பிடித்தபடி நீட்டினார். "கவனமா ஒட்டு. இந்தப் பக்கம் தொடாத. அது அவளின்ர."

என் கத்தரிக்கோல் இலட்சணம் உனக்குத் தெரியும். உன்னுடையது மான்கொம்பு, என்னுடையது முருங்கைக்காய். சிரிக்காதே, அப்படியே ஒட்டுவேன். கீழே இரண்டு பெயரும் இருக்கும். புள்ளியை வேண்டுமானால் வெட்டட்டும், உன் கொம்பில் ஒருவர் கையும் படாது. இது சத்தியம்.

மற்றப் பக்கத்துக் கோணல் கொம்பு,
உன் மச்சாள் அபி