நாற்பது பேரின் இரத்தம்

அலவத்துகொட
5.1.1935

அன்பு மகன் மர்சூக்குக்கு வாப்பாவின் ஸலாம்.

நீ கேட்ட நாற்பது கண்ணாடித் துண்டுகளையும் பெட்டியில் அடுக்கி இன்றைய ரயிலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒருவரின் விரல் இரத்தம். ஓரத்தில் பெயரும் வயதும். ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல். இரத்தம் கேட்டுப் போனால் சும்மா கொடுப்பார்களா? "முதலாளி, கடையில எடைபோட்டு எடுத்தது போதாதா, இனி இரத்தமுமா?" என்றாள் பக்கத்து வீட்டு ஹபீலா. சொல்லிக்கொண்டே விரலை நீட்டினாள்.

உங்கள் கல்லூரிப் பெத்தாலஜிப் பிரிவில் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்ய ஒரு மாணவனைத்தான் எடுப்பார்கள், இந்தக் கண்ணாடிகளைப் பார்த்துத்தான் முடிவு என்று எழுதியிருந்தாய். ஒரு கம்பவுண்டரைப் பிடியுங்கள் என்றும் எழுதினாய். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்று எண்ணமா? நீ விட்டுப்போன புத்தகத்தை அகராதி வைத்து வாசித்துத்தான் செய்தேன்.

வாப்பா
ஹாஷிம்

மருதானை
19.1.1935

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஸலாம்.

பெட்டி பத்திரமாக வந்தது. சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் மூன்று தடவை பார்த்தேன். நாற்பதிலும் மலேரியாக் கிருமி ஒன்றுகூட இல்லை. "காய்ச்சல் ஊரில் காய்ச்சலே இல்லாத நாற்பது பேரை எங்கே பிடித்தீர்?" என்று பேராசிரியர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். எப்படி எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். மாத முடிவுக்குள் அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மகன்
மர்சூக்

அலவத்துகொட
24.1.1935

மகன் மர்சூக்குக்கு,

நான் எடுத்த விதத்தில் பிழை இல்லை. உங்கள் சாயம் பழுதாக இருக்கலாம். பேராசிரியரின் கண் பழுதாக இருக்கலாம். முதலில் அதை விசாரி. வாப்பாவை விசாரிக்கிற அளவுக்கு நீ வளர்ந்துவிட்டதை உம்மாவிடம் நான் சொல்லவில்லை.

ஹாஷிம்

மருதானை
10.2.1935

அன்புள்ள வாப்பா,

இடம் என்னோடு படிக்கும் முத்துலிங்கத்துக்குப் போய்விட்டது. நல்லவன். கண்ணாடிகளைக் குழப்பியது நான்தான் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். இனி யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

நேற்று மறுபடியும் பார்த்தேன். ஒரு வகை வெள்ளை அணு நாற்பதிலும் ஒரே அளவாக மிகுந்திருக்கிறது, நான்கு வயதுப் பிள்ளையின் பெயர் போட்டதில்கூட. நாற்பதும் ஒரே ஆளின் இரத்தம்.

உங்கள் விரல்கள் ஆறிவிட்டனவா, வாப்பா?

மர்சூக்

அலவத்துகொட
2.3.1935

அன்பு மகனுக்கு,

ஆறிவிட்டன.

முதலில் எடுத்தது நாற்பது பேரின் இரத்தம்தான். தொழுகிற அறை அலுமாரியில் வைத்திருந்தேன். தொழும் இடத்தில் இரத்தம் என்ற அசுத்தம், நஜீஸ், இருக்கலாமா என்று உன் உம்மா அத்தனையையும் கழுவித் துடைத்து வெயிலில் அடுக்கியிருந்தாள். "பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. நீயும் சொல்லாதே.

அதற்குள் இரண்டு வீட்டில் மௌத்து. நான் ஊசி குத்தியதால்தான் செத்தார்கள் என்று பேச்சு. மறுபடி விரலை நீட்டுங்கள் என்று கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. கம்பவுண்டர் வேண்டாம் என்றவன், முடியவில்லை என்று உனக்கு எழுதவும் மனம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு என் விரல்களைக் குத்தினேன். எனக்குக் காய்ச்சல் வராமல் இருந்ததும் உனக்குக் கேடாகப் போயிற்று. பிறகு உன் மேலேயே கோபப்பட்டு எழுதினேன்.

போன கிழமை அந்த வீடுகளுக்கெல்லாம் போய் நடந்ததைச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஏசிவிட்டுக் கொடுத்தார்கள். பெட்டி நாளைய ரயிலில் வரும். பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது. பிழை இருந்தாலும் திருத்தாமல் கொடு. இடம் திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை முப்பத்துநான்கு கண்ணாடிகள்தான். மற்ற ஆறு பேரும் மௌத்தாகிவிட்டார்கள். அவர்களின் பெயர் போட்டு உன்னிடம் இருப்பது என் இரத்தம். அதை என்ன செய்ய வேண்டும் என்று நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வாப்பா