வியன்னாவில் நின்ற இரண்டு நாட்கள்

எனக்கு முன் பிறந்து, எனக்கு முன்னரே போய்விட்ட என் அன்பு அண்ணைக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் திருப்பலி நேற்று நிறைவேறியது. பின்னர் உங்கள் வீட்டுக்கு வந்தவர்களுள் ஒருவர், "கடைசியா எப்ப அண்ணையோட கதைச்சனீங்கள்?" என்று கேட்டார். ஒரு சட்டத்தரணியிடம் இதைவிட எளிய கேள்வியைக் கேட்க முடியாது. தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று எழுந்துபோனேன்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை, வியன்னா நேரம் பிற்பகல் ஒன்றரை. நான் போயிருந்த மத்தியஸ்த விசாரணை, இரு தரப்பும் இணங்கியதால் புதனன்றே முடிந்துவிட்டது. திரும்பும் விமானமோ சனிக்கிழமை. உணவகமொன்றில் அமர்ந்து உங்களை அழைத்தேன்.

"அண்ணை, ரிக்கெற்றை மாத்திக்கொண்டு நாளைக்கே வரட்டோ?"

"உனக்கென்ன விசரே? உவ்வளவு தூரம் போனவன் அரண்மனையைப் பாக்காமல் வாறதே? ஆறுதலா வா. முதல்ல உங்க என்ன சாப்பாடெண்டு சொல்லு."

உணவுப் பட்டியலை வாசித்துக் காட்டினேன். அடித்துத் தட்டையாக்கிப் பொரித்த மாட்டிறைச்சி தட்டில் வந்ததும் படம் அனுப்பினேன்.

"உதென்னடா, தட்டைவிடப் பெரிசாக் கிடக்கு! மாட்டை அயர்ன் பண்ணினவங்களோ?"

இருவரும் சிரித்தோம். உங்களுக்குப் பின்னால் மெல்லிய ஒலியொன்று சீரான இடைவெளியில் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சத்தம் என்று கேட்டேன். "மைக்ரோவேவ். உன்ர மச்சாள் புட்டுச் சூடாக்கிறா" என்றீர்கள்.

பதினொரு நிமிடம் கதைத்தோம். அந்த ஒலி நிற்கவேயில்லை. சாட்சியின் பதிலைத் தட்டிப் பார்ப்பதே என் தொழில். அன்று ஏன் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை? அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது, அண்ணை. எனக்கும் அரண்மனையைப் பார்க்க ஆசையாக இருந்தது.

நீங்கள் திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டீர்கள் என்பதை, நான் திரும்பி வந்தபிறகுதான் மச்சாள் சொன்னார். "சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர், தம்பி. 'அவன் இப்பதான் ஒரு ஊர் பாக்கிறான், விடு' எண்டவர்." அன்று உங்களை வைத்தியர்கள் தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லையாம். நான் வாசித்த பட்டியல் முழுவதையும் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?

வெள்ளிக்கிழமை அரண்மனையைச் சுற்றிப் பார்த்தேன். பளிங்கு மேசையில் கோப்பியும் கேக்கும் வைத்துப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீலக்குறி விழவில்லை. நித்திரையாக்கும் என்று எண்ணினேன். மச்சாள் சொல்லும் நேரத்தையும் கைப்பேசியிலுள்ள நேரத்தையும், இங்கும் வியன்னாவிலும் உள்ள ஆறு மணி வித்தியாசத்தைக் கழித்து, பலமுறை ஒப்பிட்டுவிட்டேன். நீங்கள் போய் இருபது நிமிடங்களுக்குப் பின்னரே அந்தப் படம் வந்திருக்கிறது.

மச்சாளை நான் குறை சொல்ல முடியாது. பயணத்தில் நிற்பவருக்குச் சாவையும் நோயையும் சொல்வதில்லை என்ற வழக்கத்தை நம் வீட்டில் உறுதிப்படுத்தியவன் நான். நம் சின்னையா இறந்தபோது நீங்கள் மொன்றியலில் வேலையாக நின்றீர்கள். வந்து சேரும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாதென்று எல்லோருக்கும் தொலைபேசியில் கட்டளையிட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. "நீ செய்தது சரி, தம்பி" என்றீர்கள். அதை மெய்யாகவே சொன்னீர்களா?

இன்னும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் அக்காவுக்கு இதுவரை தெரியாது. கண் ஒப்பரேசன் செய்திருக்கிறார். அழக்கூடாதென்று டொக்டர் சொன்னாராம். ஆகையால் மறைக்கிறோம். இரண்டு தடவை நானே பொய் சொன்னேன்.

"பெரியவன் ஏன்ரா போன் எடுக்கிறானில்லை?"

"தடிமன், அக்கா. தொண்டை அடைச்சுப்போச்சு."

"சுடுதண்ணி குடிக்கச் சொல்லு. உன்ர குரலும் ஒரு மாதிரிக் கிடக்கு, என்ன?"

"இல்லையக்கா."

"சரி, சரி" என்று உடனே வைத்துவிட்டார். நம்பினாரா, நம்ப விரும்பினாரா? இரண்டாவதென்றால் அது எனக்கு நன்றாகத் தெரிந்த நோய்.

கண் ஆறிவிட்டதென்று அவருடைய மகள் இன்று எழுதியிருக்கிறாள். இனிச் சாக்கு இல்லை. நாளை காலை அக்காவை அழைப்பேன், அண்ணை. சுற்றி வளைக்காமல் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுவேன். அவர் அழுது முடித்தபின், "அப்ப நீ எங்கையடா நிண்டனி?" என்று கேட்பார். அதற்கும் உண்மையைச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அதன்பின் அவர் என்னோடு கதைப்பாரோ, தெரியாது.

உங்கள் ஒரே தம்பி