கேப்டனம்மா திரும்ப வேண்டாம்

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

வீட்டில் படுத்திருக்கும் தையல்காரன் எழுதுவது. பல்கலைக்கழகத்திலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. நீ அனுப்பிய புது அத்தியாயங்களையும் நம் மகள் அச்செடுத்துக் கொடுத்தாள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றுவேன், விஷயம் அப்படியே கிடக்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

முதலில் உடம்பு. ஆபரேஷன் அடுத்த மாதம். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய்விட்டதாம், மாற்ற வேண்டுமாம். பழையதைப் பிரித்துவிட்டுப் புதுசு வைத்துத் தைப்பதுதானே, எங்களுக்குத் தெரியாத வேலையா என்று டாக்டரிடம் கேட்டேன். அந்த மனுஷன் சிரிக்கவே இல்லை. மாடிப்படி ஏறக் கூடாது என்று நம் மகள் என் படுக்கையைக் கீழே, கடையில் துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். அவள் கத்தரி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக் கிடப்பதுதான் இப்போது எனக்குப் பெரிய வைத்தியம்.

சும்மா கிடப்பவனுக்குப் பழசெல்லாம் வந்து முன்னால் நிற்கிறது. கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடித்தனம் செய்தோமே, அந்த நாட்கள். தொலைபேசி நிலையத்தில் வேலை முடித்து வந்து, துணி மூட்டைமேல் உட்கார்ந்து, எழுதிய கதையை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் படிப்பாய். மெஷின் நின்றால் அந்தப் பக்கம் தேறிவிட்டது என்று உனக்குக் கணக்கு. ஒருமுறை நூல் அறுந்து நின்றதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய். உண்மை தெரிந்ததும் முழுசாக ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அறையில் மழை ஒழுகும், மூச்சுவிட இடமிருக்காது. இருந்தாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

விண்கப்பலேறி வேற்றுக் கிரகத்துக்குப் போகிற உன் கதையின் கேப்டனம்மா உடுப்புக்கு ஒரு பாக்கெட் கிடையாதா என்று நீ சண்டை போட்டதும் அங்கேதான். அதுவரை நான் பெண்களுக்குத் தைத்த உடுப்பு எதிலும் பாக்கெட் வைத்ததில்லை. ஏன் என்று யோசித்ததும் இல்லை. யோசிக்க வைத்தவள் நீ. அதற்குப் பிறகு வைக்காமல் தைத்ததில்லை.

முதல் பதிப்பாளரை நினைத்துக்கொண்டேன். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி கூப்பிட்டு உட்காரவைத்து, "கதை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கடைசியில அந்தப் பொண்ணு கப்பலைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வந்துடணும், அப்பத்தான் குடும்பத்துல படிப்பாங்க" என்றாரே. நீ கதைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாய். வாசலில் சைக்கிளோடு நின்றிருந்த எனக்கு உன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்புறம் எத்தனை படி ஏறி இறங்கினோம். கடைசியில் ஒருவர் போட்டார், அட்டையில் கேப்டனுக்கு முறுக்கு மீசை. ஓவியர் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை, கேப்டன் என்று சொன்னார்கள், வரைந்துவிட்டார். நீ கோபத்தில் சாப்பிடாமல் இருந்தாய். நான் சிரித்ததில் ஊசி கையில் ஏறிவிட்டது.

தெருவில் என்னை விட்டார்களா என்ன? "உங்க வீட்டம்மா பொம்பளைங்களே ஆளுற ஊரைப் பத்தி எழுதுறாங்களாமே, அதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். அந்த ஊருக்கும் தையல்காரன் வேண்டாமா என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்குப் பரிசு கொடுத்த மேடையில் உன்னை என் மனைவி என்று அறிமுகப்படுத்தினார்கள். நீ மைக்கைப் பிடித்து, கீழே உட்கார்ந்திருப்பவர் என் கணவர், நன்றாகத் தைப்பார் என்றாய். கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலு புத்தகமாக உன் கேப்டனம்மா எதற்குப் போய்க்கொண்டிருக்கிறாள்? தொலைந்துபோன கப்பலில் இருக்கும் பெண்களைத் தேடி. எல்லோரும் கைகழுவிவிட்ட பெண்கள். இந்த ஐந்தாம் புத்தகத்தில்தான் அவர்கள் குரல் அவள் காதில் விழுகிறது. விழுந்த அடுத்த அத்தியாயத்திலேயே, ஊரில் வீட்டுக்காரனுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, கப்பலைத் திருப்பிவிடுகிறாள். இன்னும் ரெண்டே அத்தியாயம், முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று உன் கடிதம் சொல்கிறது. அந்த வீட்டுக்காரன் யார் என்று கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு தேவையில்லை. அன்றைக்கு அந்தப் பதிப்பாளர் கேட்டும் நீ எழுதாததை, இன்றைக்கு யாரும் கேட்காமல் எழுதியிருக்கிறாய். அதுவும் என்னைச் சாக்கு வைத்து. எனக்குக் கோபம்தான் வந்தது.

போன வாரம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெண் கடைக்கு வந்தாள். உன் கேப்டனம்மாவுக்கு இருப்பது மாதிரி நிறையப் பாக்கெட் வைத்து வேலைக்கான உடுப்பு கேட்டாள். நம் மகள் அளவு எடுத்து முடித்ததும் என் படுக்கைப் பக்கம் வந்து, "ஐயா, அவங்க அந்தப் பொண்ணுங்ககிட்டப் போய்ச் சேர்ந்துடுவாங்கல்ல?" என்று கேட்டாள். நான் இருமுவது மாதிரி நடித்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவளுக்கு என்ன பதில் சொல்வேன், சொல்.

எனக்குப் பயமே இல்லை, நீ அங்கே ஒத்துக்கொண்ட ஒரு வருஷமும் இருந்து நிதானமாக முடி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பல்கலைக்கழகம் உன்னை மதித்துக் கூப்பிட்டு மேசையும் அறையும் கொடுத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வராதே என்றும் எழுத நினைத்தேன். ரெண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. பொய் சொல்ல வரவில்லை. மயக்க மருந்து கொடுத்தபிறகு கண் திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைப்பு வருகிறது. மகள் முன்னால் தைரியசாலி வேஷம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்தால் வேஷம் தேவைப்படாது.

ஆனால் அம்மா, அது என் பயம். அந்தக் கப்பலில் காத்துக்கிடக்கும் பெண்கள் அதற்கு என்ன செய்வார்கள்? நீயும் அவளும் ஒன்றா? அவள் கப்பலைத் திருப்புகிற அத்தியாயத்தைக் கிழித்துப் போடு. மிச்சத்தை இங்கே வந்து எழுது, எத்தனை வருஷமானாலும் சரி. உன் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கேப்டனம்மா போகட்டும். நீ வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்