இவர் நாக்கில் புண், என் மனதில் சந்தேகம்

ஐப்பசி 3, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். தறிக்குழியில் ஈரம். இவர் இட்லியைத் தொடவில்லை, காரச்சட்னியைத் தள்ளி வைத்தார். நாக்கோரம் புண்ணாம். "ஒடம்புச் சூடும்மா, தன்னால போயிடும்." இரண்டு வாரமாக இதே பாட்டு. புகையிலையை விட்டு நாலு வருஷம். விட்டதாகச் சொல்லி நாலு வருஷம் என்று எழுதுவதே சரி.

வாங்க: மணத்தக்காளிக் கீரை, தேங்காய், கல்லுப்பு.

5, வியாழன்

கீரைக் கூட்டு, தேங்காய்ப்பால், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. ஒன்றுக்கும் மசியவில்லை. எதிர்வீட்டு மல்லிகா: "உன் வூட்டுக்காரரு பெட்டிக்கடையாண்ட நின்னுக்கினு இருந்தாரே." கேட்டால் வாழைப்பழம் வாங்கினாராம், காரம் இறங்கவில்லையாம். சட்டைப் பை, வேட்டி மடிப்பு, தறிக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை. தலையணையையும் முகர்ந்தேன். எண்ணெய் வாடைதான். திருடன் தடயம் வைப்பானா?

8, ஞாயிறு

"டாக்டராண்ட போலாங்க." வேண்டாமாம். ஏன் வேண்டாம்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். சண்டை. மதியம் சோறு அவரே போட்டுக்கொண்டார். பாதி மிச்சம்.

9, திங்கள்

ஆட்டோவில் ஏற்றியே விட்டேன். பல் டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்தார்.

"புகையிலை?"

"உட்டு நாலு வருஷம் ஆச்சும்மா."

"ஆமா, புதுக் கறை இல்ல. இந்தப் பல்லு முனை ஒடஞ்சிருக்கு. நெசவா? நூலப் பல்லால கடிப்பீங்களா?"

"தறியில உக்காந்தா கத்தரிய யாரு தேடுறது?"

இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கடித்துத் துப்புவார். எப்போதும் அதே பல். முனை உடைந்து, ரம்பமாகி, நாக்கை அறுத்திருக்கிறது. அந்த முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டார். களிம்பு. "ரெண்டு வாரத்துல ஆறலன்னா சதைய எடுத்து டெஸ்ட் பண்ணணும். இவ்ளோ நாள் ஏன் வுட்டீங்க?"

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பாவுக்கும் இதே எடத்துலதான் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனவரு திரும்பி வரல. அதான்மா." ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். பையெல்லாம் துழாவினேனே, வாயைத் திறக்கச் சொன்னேனா.

17, செவ்வாய்

வெயில். தறியில் கயிறு போட்டுக் கத்தரியைக் கட்டியாயிற்று. "ஆறிடுச்சு" என்கிறார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாரோ? ஜன்னலோரம் நிறுத்தி, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மிளகளவு இருந்தது கடுகளவு. சரியாகத் தெரியவில்லையோ. இன்னொரு தரம் ஆ காட்டச் சொன்னேன். கடுகுதான்.