அரைச் சுற்று

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு.

ஆண்டவருக்குள் அன்புள்ள தம்பி பேட்ரிக்குக்கு அக்கா ஜூலியானா எழுதுவது.

பெர்த்தில் நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்க மட்டும்தான் முடிகிறது. அழைத்தால் எடுப்பதில்லை. அனுப்பும் குரல் பதிவுகளையும் நீ கேட்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்திருக்கிறேன். சுரங்க முகாமில் யாராவது இதை உன் கையில் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

நான் நலம். கெலுகோரில் நூலக வேலை எப்போதும் போலப் போகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. தைலம் போட்டுக்கொள்கிறார், மருத்துவரிடம் வர மறுக்கிறார்.

உனக்குக் கடிதம் போடப்போகிறேன் என்றதும் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். "காடி சரியாயிடுச்சுன்னு எழுது. அவன் சொன்ன மாதிரியே எஞ்சின் மவுண்டிங்தான் கெட்டுப் போயிருந்துச்சுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றது நான் சொல்வது.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது, காருக்கு டைமிங் பெல்ட்டுகள் தேய்ந்துவிட்டன, அறுந்தால் எஞ்சினே போய்விடும் என்று நீதான் சொன்னாய். பெரியதும் சின்னதுமாக இரண்டையும் வாசலிலேயே மாற்றினாய். அப்பா வெயிலில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்குள் பத்து பிரிங்கி கடற்கரைக்குப் போக உன் நண்பர்கள் வந்து வெளியே ஹாரன் அடித்தார்கள். மூடியைப் போட்டு முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாய். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுப் போடா" என்று அப்பா கேட்டார். "அதெல்லாம் ஓகேலா அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அதன்பின் அப்பா முதல் தடவை எடுத்தபோதே கார் ஆடியது. நின்ற இடத்தில் லேசாக நடுங்கும். வேகம் எடுத்தால் ஸ்டீரிங், சீட், கதவு எல்லாம் அதிரும். அதற்குள் நீ விமானம் ஏறியிருந்தாய். அப்பா கேட்டபோது பிளக்கை மாற்றச் சொன்னாய். மாற்றினோம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் என்றாய். அதையும் மாற்றினோம். பெட்ரோல் வரும் பாதையைச் சுத்தம் பண்ணச் சொன்னாய். பண்ணியும் ஆட்டம் குறையவில்லை. கடைசியில், "அப்பாவுக்கு ஓட்டத் தெரியலக்கா, கியரைத் தப்பாப் போடுறாரு" என்று என்னிடம் சொன்னாய். அதற்குப் பிறகுதான் நீ போனை எடுப்பதில்லை.

உன்னோடு ஒரே பட்டறையில் வேலை கற்றுக்கொண்ட ஷஃபீக் வந்து பார்த்தான். முதலில் அவனும் பிளக் என்றுதான் நினைத்தான். பிறகு பெல்ட் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்றான். அப்பா விடவில்லை. "பேட்ரிக் போட்ட பெல்ட்டு. இன்னொருத்தன் திறந்தான்னு கேள்விப்பட்டா அவனுக்கு ரோசம் வந்துரும்" என்றார். ஷஃபீக் போனபின் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "ஏற்கெனவே மூணு வருசத்துக்கு ஒருக்காத்தான் வர்றான்மா. வராம இருக்க நாமளே ஒரு காரணம் குடுக்கணுமா?"

அந்தக் கார் எதற்கு என்று உனக்குத் தெரியுமா, தம்பி? கெப்பாலா பத்தாஸ் முதியோர் இல்லத்தில் அம்மாவை விட்ட நாளிலிருந்து, புதன்தோறும் ஞாயிறுதோறும் அப்பா கடல் பாலத்தைத் தாண்டிப் போய், அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து வயல் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவருவார். அறையில் இருக்கும்போது அம்மாவுக்கு யாரையும் தெரியாது. அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டால் போதும், தானே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்வார், "லோரிக்குப் பின்னாடி ஒட்டிப் போகாதீங்க" என்று அப்பாவைத் திட்டுவார். அப்பாவை அம்மா தன் புருஷனாக அறிந்திருந்த ஒரே இடம் அதுதான். என் காரில் அழைத்துப் போகப் பார்த்தோம். ஏறவே இல்லை.

கார் ஆடத் தொடங்கிய பிறகு அம்மா அதில் உட்காரப் பயந்தார். டாஷ்போர்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அப்பா மெதுவாக ஓட்டிச் சமாளித்தார். தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, வயல் பாதையில் பின்னால் வந்த லாரிக்காகக் கொஞ்சம் வேகம் எடுத்திருக்கிறார். கார் அதிர்ந்த அதிர்ச்சியில் அம்மா அலறி, பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்துவிட்டார். அப்பா பிரேக் போட்டு நிறுத்துவதற்குள் வரப்போரம் விழுந்துவிட்டார். மணிக்கட்டு உடைந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா சட்டையெல்லாம் சேறோடு நின்றார். "பேட்ரிக்குக்குச் சொல்லிடாதே" என்பதுதான் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

அதற்குமேல் நான் அப்பாவைக் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நேரே ஷஃபீக்கிடம் போனேன். மூடியைத் திறந்தான். பெல்ட்டுகள் சரி, சக்கரங்களில் பொருத்த வேண்டிய குறிகளும் சரி. ஆனால் எஞ்சின் ஆடாமல் பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு தண்டு இருக்கிறதாமே, அது அரைச் சுற்றுத் தப்பி நின்றது. குறி பொருந்தியிருந்தாலும் அது தப்பியிருக்கலாமாம். பக்கத்து ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தால்தான் தெரியுமாம். ஷஃபீக் உன்னைக் குறை சொல்லவில்லை. "அவனுக்குத் தெரியாத வேலை இல்லக்கா. எனக்கே அவன்தான் இதைக் காட்டிக் குடுத்தான். அன்னைக்கு அவசரத்துல விட்டுட்டான் போல" என்றான். தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

இப்போது கார் அலுங்காமல் ஓடுகிறது. கட்டுப் பிரித்த பிறகு அம்மாவை வெளியே அழைத்துப்போக நானும் கூடப் போனேன். அப்பா சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அம்மா வாசல்வரை வந்தார், காரைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார். பிறகு அப்பாவைப் பார்த்து, மரியாதையாக, "டிரைவரண்ணே, என் மகன் பேட்ரிக் வரலியா?" என்று கேட்டார்.

அப்பா திறந்திருந்த கதவை மெல்லச் சாத்தினார். பிறகு, "வருவாரும்மா" என்றார்.

இந்த மறதி நோய் எப்படியும் இங்கேதான் கொண்டுவந்து விட்டிருக்கும் என்கிறார் மருத்துவர். இருக்கலாம். இன்னும் ஒரு வருடம் அம்மா அந்த சீட்டில் உட்கார்ந்து அப்பாவைத் திட்டியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். அப்படி இல்லை என்று யாராலும் எனக்கு நிரூபிக்க முடியாது. புதனும் ஞாயிறும் அப்பா இப்போதும் போகிறார். அம்மா தோட்டத்து பெஞ்சில் உட்காருவார். அப்பா டிரைவர் மாதிரி சற்றுத் தள்ளி நிற்பார். பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மா எழுந்து போய்விடுகிறார்.

இதையெல்லாம் எழுதியது உன்னை அழவைக்க அல்ல. அழுவாயா என்பதும் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஒரு முறை போன் செய். மவுண்டிங் என்றுதான் சொல்வார். மறுத்துப் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. உனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொண்டால் அவர் உடைந்துபோவார்.

பிறகு லீவு போட்டு வா. அம்மா இன்று வரை உன் பெயரை மட்டும் மறக்கவில்லை. எங்கள் பெயரெல்லாம் போய்விட்டது. அதுவும் போவதற்குள் வந்து, அந்த வாசலில் நின்று, நான்தான் பேட்ரிக் என்று சொல்.

ஜெபமாலையில் உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குமேல் இப்போதைக்கு என்னால் முடியவில்லை. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
ஜூலியானா