முக்கால் வட்டம்

ஏழாம் நம்பர் மெஷின், டூல் டிராயர்
6.10.2025, மதியம் ஒண்ணரை

அன்பு மேகலாவுக்கு,

நான் நல்லாயிருக்கேன். மெஷினுக்குத்தான் காலையிலேருந்து இருமல், கூலன்ட் பைப்பை ஒரு தடவை பார்த்துக்கோ. ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு இன்னும் பேனல்ல இருக்கு, துடைச்சிடாதே.

நம்ம பனிமலை ஏத்தத்துக்கு இடம் கிடைச்சிருச்சு கண்ணு. பெங்களூர் கம்பெனிக்காரங்க டிசம்பர் பேட்ச்ல ரெண்டு பேரையும் சேர்த்துட்டாங்க. ஆறு நாள் நடை, கூடவே கைடு, பன்னிரண்டாயிரத்து ஐநூறு அடி உயரம், ரெண்டு பேருக்கு ஒரு டென்ட். நாலு வருஷமா இந்த டிராயர்ல கடுதாசி வச்சுக்கிறோம். ரெண்டு மணி பெல்லுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் மூஞ்சியைப் பார்க்கிறதோட சரி. நீ உள்ளே வரும்போது நான் பாகலூர் பஸ்ஸுக்கு ஓடறேன், ராத்திரி பத்து மணிக்கு கேட்ல உன் போன் உன் கைக்கு வரும்போது நான் தூங்கியே போயிடறேன். அஞ்சு ராத்திரி ஒரே டென்ட்ல படுத்துப் பேசப்போறோம்னா எனக்கு நம்பவே முடியலை.

லீவுக்கு ஸ்ரீராம் சார் ஒரு கொக்கி போட்டுட்டார். ஒரே மெஷின்காரங்க ரெண்டு பேரும் ஒண்ணா போகக்கூடாதாம். மூணாவதா ஒருத்தருக்கு ஸ்கில் சார்ட்ல முக்கால் வட்டம் கறுப்பா இருந்தா ரெண்டு பேரும் போகலாம். கால் வட்டம்னா வேடிக்கை பார்க்கலாம், அரைன்னா கூட ஆள் நிக்கணும், முக்கால்னா தனியா ஓட்டலாம், உனக்குத் தெரியாததா. தர்ஷினின்னு பாரூர்க்காரப் பொண்ணு ஒண்ணை எங்கிட்ட அனுப்பறாராம். நான்தான் கத்துக்கொடுத்துக் கையெழுத்துப் போடணும். ஒரு மாசத்துல தயார் பண்ணிடறேன்.

ஷூ வாங்கிட்டேன். மாட்டுக் கொட்டகைக்கு அதைப் போட்டுக்கிட்டுப் போறேன், மாமியார் தெலுங்குல முணுமுணுக்குது. வீட்டுக்காரர் "பனியை ஒரு டப்பாவுல கொண்டுவா" ங்கறார். லேஸ் கட்டத்தான் எனக்கு வரலை. பொறந்ததுலேருந்து செருப்பு, கம்பெனி ஷூவுல லேஸே கிடையாது.

உன் மாதேஸ்வரி

*

8.10.2025, சாயங்காலம் டீ டைம்

அன்புள்ள மாதேஸ்வரி அக்காவுக்கு,

மெஷின் இருமல் நின்னுடுச்சு, பைப்ல அடைப்பு. பொட்டு பத்திரமா இருக்கு.

உங்க கடுதாசியை மூணு தடவை படிச்சேன். டென்ட்ல கதவுப் பக்கம் நான் படுத்துக்கறேன், உங்களுக்குக் குளிர் ஆகாது. லேஸைப் பத்திக் கவலைப்படாதீங்க, ஆறு நாளும் காலையில நான் குனிஞ்சு கட்டிவிடறேன். உங்க முட்டியும் மடங்க வேண்டாம்.

கைடு அனுப்பின லிஸ்ட்ல அஞ்சு கிலோமீட்டரை நாப்பது நிமிஷத்துல ஓடி வீடியோ அனுப்பணும்னு இருக்கு. ஞாயித்துக்கிழமையில ஓசூர் மலைக்கோயில் படியில ஏறி இறங்கப்போறேன். நீங்களும் மொத பஸ் பிடிச்சு வாங்களேன். ஆடு, மாடு, ராகி, மாமியார்னு சாக்கு சொல்லாதீங்க.

அந்தப் பொண்ணு எங்க தெருவுலதான் ரூம் எடுத்திருக்கு. நல்ல பிள்ளை.

உங்க மேகலா

*

27.10.2025

மேகலாவுக்கு,

தர்ஷினி நல்லா கத்துக்கறா, குறை சொல்றதுக்கில்லை. ஆனா வாய் ஓயறதில்லை. என்னை மேடம்ங்கறா, உன்னை மேகலாக்காங்கறா. ஒரு நாளைக்கு நாப்பது மேகலாக்கா என் காதுல விழுது. மேகலாக்காவோட ஞாயித்துக்கிழமை படி ஏறினேன். மேகலாக்கா அவங்க பழைய ஷூ குடுத்தாங்க. மேகலாக்கா ரசம் வச்சாங்க.

அதெல்லாம் போகட்டும். சிங்காரப்பேட்டையில நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையை வேண்டாம்னு சொல்லிட்டு நீ பஸ் ஏறின கதையை அவ பேரிங் வளையத்தைத் துடைச்சுக்கிட்டே எனக்குச் சொல்றா. அதை நீ எனக்கு எழுத ரெண்டு வருஷம் ஆச்சு. நான் அந்தக் கடுதாசியை வீட்டுல பீரோவுல புடவைக்கு அடியில வச்சிருக்கேன். வந்து மூணு வாரம் ஆகாத பொண்ணுக்கு அதைச் சொல்லுவியா நீ?

எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. வயசு நாப்பத்திரண்டு ஆகுது, இப்படி எழுத வெக்கமாவும் இருக்கு. இருந்தாலும் எழுதிட்டேன்.

நேத்து ஓடிப் பார்த்தேன். ரோஜாத் தோட்டத்துக்காரங்க எல்லாம் வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்த்தாங்க. நாப்பத்தாறு நிமிஷம்.

மாதேஸ்வரி

*

29.10.2025

அக்காவுக்கு,

சிரிச்சேன், கோவிச்சுக்காதீங்க. இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகிட்டப் போயா உங்களுக்குப் போட்டி?

அவளுக்கு வீட்டுல மாப்பிள்ளை பார்க்கிறாங்க, அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஆறுதலுக்கு என் கதையைச் சொன்னேன், அவ்வளவுதான். அவகிட்டப் பேசறது பேச்சு. உங்களுக்கு எழுதறது வேற.

நாப்பத்தாறு நிமிஷம்னா பரவாயில்லை, இன்னும் ஆறு நிமிஷம்தான் குறைக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை வாங்கக்கா. படியில நீங்க மேல ஏறி வர்றதை நான் பார்க்கணும்.

மேகலா

*

12.11.2025

மேகலாவுக்கு,

ஸ்ரீராம் சார் நேத்து தர்ஷினியைப் பத்திக் கேட்டார். அரை வட்டம்தான்னு சொல்லிட்டேன். கல் மாத்தறதுக்கு அவளுக்குக் கை இன்னும் வரலை. கிரைண்டிங் கல் விளையாட்டுச் சாமான் இல்லையே, தப்பா மாட்டினா ஆளையே அடிச்சிடும். நான் எப்படிக் கையெழுத்துப் போடறது.

அதனால டிசம்பர்ல ஒருத்தருக்குத்தான் லீவு. நீ போறதானா போ, நான் தடுக்கலை. சீட்டை வீணாக்க வேண்டாம். என் மனசுல இருக்கிறதைச் சொல்றேன், அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாமே. மலை எங்கேயும் ஓடிடாது. நீயும் அப்படித்தான் நினைப்பேன்னு எனக்குத் தெரியும்.

கூலன்ட் தீரப்போகுது, ஸ்டோர்ல சொல்லியிருக்கேன்.

மாதேஸ்வரி

*

17.11.2025

மாதேஸ்வரி அக்காவுக்கு,

இதை எழுத அஞ்சு நாள் ஆயிடுச்சு. நான் போறேன் அக்கா. அடுத்த வருஷம் என் கால் எப்படி இருக்கும், வீட்டுல என்ன சொல்லுவாங்க, எதுவும் எனக்குத் தெரியாது. முப்பத்தஞ்சு வயசுல ஒரு தடவைதான் எனக்கு இது வாய்ச்சிருக்கு.

இன்னொண்ணு, என் வாயாலேயே சொல்லிடறேன். பெங்களூர் கம்பெனிக்காரங்க இருபதாம் தேதி வரைக்கும் ஆள் பேரை மாத்திக்கலாம்னாங்க. நீங்க சீட்டை வீணாக்க வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. தர்ஷினிக்கு ஸ்ரீராம் சார் லீவு குடுத்துட்டார். அரை வட்டக்காரியை எந்த மெஷினும் தேடாது, போயிட்டு வான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாராம். உங்க இடத்துல அவ வர்றா.

போன வாரம் அவ ஓவர்டைமுக்கு என் ஷிஃப்ட்ல நின்னப்ப, கல் மாத்தச் சொன்னேன். பக்கத்துல நிக்கலை, தள்ளி நின்னு பார்த்தேன். சரியா மாத்தினா. எனக்கு அதை நாலே நாள்ல கத்துக்கொடுத்தவங்க நீங்க. நீங்க கத்துக்கொடுத்து ஒருத்திக்கு வராமப் போனதா நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன். தினமும் ரெண்டு மணிக்கு டிராயரைத் திறந்து பார்ப்பேன்.

மேகலா

*

17.12.2025

மேகலா,

இந்த டப்பாவுல ராகி எள்ளுருண்டை இருபது இருக்கு. குளிருக்குத் தெம்பா இருக்கும். அவளுக்கும் குடு.

பத்திரமாப் போயிட்டு வாங்க. வேற ஒண்ணுமில்லை.

மாதேஸ்வரி

*

24.12.2025, ரெண்டு மணி பத்து நிமிஷம்

மேகலாவுக்கு,

இதைப் படிக்க நீ இங்கே இல்லை. வருஷக் கடைசி ஆர்டர் கூடிப்போனதால நான் காலை ஆறுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நிக்கறேன். உன் ஷிஃப்ட்ல பாதி எனக்குத்தான். காலையில இந்தக் கடுதாசியைப் பாதி எழுதி டிராயர்ல வச்சேன். ரெண்டு மணி பெல் அடிச்சதும் கை தானாப் போய் டிராயரைத் திறந்துச்சு. நான் வச்சதை நானே எடுத்துப் படிச்சேன். பக்கத்து மெஷின் லாவண்யா கண்ணுல என்னான்னு கேட்டா, தூசின்னு சொன்னேன்.

பெருசா ஒண்ணுமில்லை, நடந்ததைச் சொல்லிடறேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை நான் மலைக்கோயிலுக்கு வந்தேன். உனக்குச் சொல்லாம வந்து நிக்கணும்னு ஆசை. மொத பஸ், ஷூ பையில, ரெண்டு முழம் பூகூட வாங்கினேன். பூக்கடைகிட்ட நின்னு மேலே பார்த்தா நீ படியில குனிஞ்சு தர்ஷினியோட லேஸைக் கட்டிக்கிட்டிருக்கே. அவ உன் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னு சிரிக்கறா. எனக்குக் கட்டறேன்னு எழுதின கை அது. ஷூவைப் பையிலேருந்து எடுக்காமலே அடுத்த பஸ்ல வீட்டுக்கு வந்துட்டேன். பூவை மாட்டுக்குப் போட்டேன்.

மறுநாள் தர்ஷினி கல் மாத்தினா. ஒரு தப்பு இல்லை. நம்பாம நூறு வளையத்தை கேஜ்ல வச்சுப் பார்த்தேன், ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகலை. அடுத்த நாள் ஸ்ரீராம் சார் கேட்டப்ப அரை வட்டம்னு என் வாயே சொல்லுச்சு. அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து, எதுல தப்புன்னு சொல்லுங்க மேடம், திருத்திக்கறேன்னா. போய் வேலையைப் பாருன்னேன்.

மூணு பேர்ல யாரும் போகாம இருந்திருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அதுதான் நிஜம். இப்ப நான் கறுப்பாக்காத வட்டத்தாலதான் அவ உன் பக்கத்துல டென்ட்ல படுத்திருக்கா. நினைச்சா எனக்கே சிரிப்பு வருது.

இன்னைக்கு ஸ்ரீராம் சார்கிட்டப் போய் முக்கால் வட்டம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். முன்னாடி சொன்னது பொய்யின்னும் சொன்னேன். அவர் மார்க்கரை எங்கிட்டயே குடுத்தார். வட்டத்தை நானே கறுப்பாக்கினேன். நீ வந்து என்னைத் திட்டு. நாலு பக்கம் திட்டு, படிக்கறேன்.

உன் மாதேஸ்வரி

*

2.1.2026

மாதேஸ்வரி அக்காவுக்கு,

திரும்பி வந்துட்டோம். மூக்குத் தோல் உரிஞ்சு போச்சு, மத்தபடி நல்லாயிருக்கோம். உருண்டை நாலாம் நாள் வரைக்கும் வந்துச்சு.

பேரை மாத்தினது கைடுகிட்டப் போய்ச் சேரலை. பை அட்டையில மாதேஸ்வரின்னே இருந்துச்சு. ஆறு நாளும் அவர் அவளை மாதேஸ்வரி, மாதேஸ்வரின்னுதான் கூப்பிட்டார். மொத நாள் தர்ஷினி திருத்தப் பார்த்தா, அப்புறம் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்த்தா. உச்சிக்குக் கடைசி ஏத்தத்துல பனி முட்டி வரைக்கும் இருந்துச்சு, இருட்டோட கிளம்பினோம். மாதேஸ்வரி மெதுவா, மாதேஸ்வரி கம்பை ஊனுன்னு அவர் பின்னாலேருந்து சொல்லிக்கிட்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்த்தேன் அக்கா. உங்க மேல எவ்வளவு கோவம் இருந்தும் திரும்பிப் பார்த்தேன்.

உங்க கடுதாசியைப் படிச்சேன். பொறாமைக்கு எனக்குக் கோவம் இல்லை, உங்க இடத்துல நானும் பட்டிருப்பேன். சொல்லுங்கன்னு எழுதி வச்சுட்டு ஒரு மாசம் தினமும் டிராயரைத் திறந்தேன். உருண்டை டப்பாவுல அடி வரைக்கும் தேடினேன், வேற பேப்பர் ஏதாவது இருக்கும்னு. அந்த ஒரு மாசத்தைத்தான் என்னால தாண்ட முடியலை. இனிமே அந்த டிராயரைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அதனால நானேதான் கேட்டேன், திங்கள்கிழமையிலேருந்து அசெம்பிளிக்குப் போறேன். தர்ஷினிக்கு இப்ப முக்கால் வட்டம் இருக்கிறதால ஸ்ரீராம் சார் உடனே சரின்னுட்டார். என் ஷிஃப்ட்ல ஏழாம் நம்பரை இனிமே தர்ஷினி ஓட்டுவா. உங்க கடுதாசி எல்லாம் என் ரூம்ல பத்திரமா இருக்கு, யார்கிட்டேயும் காட்ட மாட்டேன்.

நீங்க எங்கிட்ட ஒத்துக்கிட்டதை நான் அவகிட்டச் சொல்லலை. கல் மாத்தறதுல என்ன தப்பு பண்ணினோம்னு மலையில படுக்கும்போதுகூடக் கேட்டா. திங்கள்கிழமை டிராயர்ல உங்களுக்கு தர்ஷினியோட கடுதாசி ஒண்ணு இருக்கும். அதைத்தான் கேட்டு எழுதியிருக்கா. பதில் போடுங்கக்கா.

மேகலா